எசென்ஷியலா, எக்ஸ்ட்ராவா, டீலக்ஸா? பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளேஸ்டேஷன் கன்சோலை வாங்கி இணையத்தில் இணைத்ததுமே பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா எடுக்கச் சொல்லும் அழைப்பு திரையில் வந்துவிடுகிறது. எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என மூன்று திட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மாதத்துக்கோ மூன்று மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ எடுக்கலாம் என்பதால் ஒன்பது விலைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் சலுகைப் பட்டியலை ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறார்கள். பட்டியல் நீளமாக இருக்கும் திட்டமே லாபமானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை ஒருமுறைகூடத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டுபவர்கள் ஏராளம். நீங்கள் எதை, யாருடன், ஆண்டின் எந்த மாதங்களில் விளையாடுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்குப் போதுமான மிகக் குறைந்த திட்டத்தை எடுப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

தொடங்கும் முன்: இந்த மூன்று திட்டங்கள் எவை

பிளேஸ்டேஷன் பிளஸ் 2010 ஜூன் மாதம், பிளேஸ்டேஷன் 3 காலத்தில் தொடங்கியது. அப்போது ஆன்லைனில் விளையாட அது தேவைப்படவில்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதுதான், விலை கொடுத்து வாங்கும் கேம்களை ஆன்லைனில் பிறருடன் விளையாடச் சந்தா கட்டாயமாயிற்று. 2022இல் பிளேஸ்டேஷன் நவ் என்ற தனிச் சேவையையும் இதனுடன் இணைத்து, இன்றைய மூன்று திட்டங்களை சோனி அறிமுகப்படுத்தியது.

எசென்ஷியல் என்பது பழைய பிளஸ் சந்தாவேதான்: ஆன்லைன் ஆட்டம், மாதந்தோறும் சில கேம்கள், ஆட்டத்தில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகளுக்கு இணையத்தில் இடம் தரும் கிளவுட் சேமிப்பு, பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் கூடுதல் தள்ளுபடி. எக்ஸ்ட்ராவில் இவற்றோடு நூற்றுக்கணக்கான பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 கேம்கள் அடங்கிய தொகுப்பும், யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பழைய கேம்களின் தொகுப்பு ஒன்றும் சேர்கின்றன. டீலக்ஸில் இவற்றுக்கு மேல் பழைய தலைமுறைக் கன்சோல்களின் கிளாசிக் கேம்களும், புதிய கேம்களைச் சில மணி நேரம் ஆடிப்பார்க்கும் வசதியும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. கேம்களைப் பதிவிறக்காமல் இணையம் வழியே ஓட்டும் கிளவுட் ஸ்ட்ரீமிங் வசதி உள்ள நாடுகளில் மேல்மட்டத் திட்டத்தின் பெயர் பிரீமியம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. அந்த வசதி இல்லாத நாடுகளில் அதே இடத்தில் இருப்பது டீலக்ஸ். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுக்கு அறிமுகமான திட்டம் இதுதான். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினர் பிரீமியத்தைப் பரிந்துரைத்தால், அவர் பேசுவது சென்னையில் இருப்பவருக்குக் கிடைக்காத ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கக்கூடும்.

படி 1: சந்தாவே தேவையா என்று பாருங்கள்

இந்தக் கேள்வியைத் தாண்டி நேராகத் திட்டங்களுக்குப் போய்விடுபவர்களே அதிகம். நீங்கள் அதிக நேரம் விளையாடும் இரண்டு அல்லது மூன்று கேம்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஃபோர்ட்நைட், அபெக்ஸ் லெஜண்ட்ஸ், ராக்கெட் லீக், ஜென்ஷின் இம்பாக்ட், இஃபுட்பால், கால் ஆஃப் டியூட்டி வார்ஸோன் போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் விளையாடச் சந்தா தேவையில்லை. உங்கள் பட்டியல் இவற்றோடு முடிந்துவிட்டால், எந்தத் திட்டத்தையும் எடுக்காமல் இருப்பதே உங்களுக்கான பதில்.

தனியாக ஆடும் கதைக் கேம்களுக்கும் சந்தா தேவையில்லை. ஒரே அறையில் இரண்டு கன்ட்ரோலர்களை வைத்துக்கொண்டு இருவர் சேர்ந்து ஆடுவதற்கும் தேவையில்லை. ரிமோட் ப்ளே மூலம் உங்கள் சொந்தக் கன்சோலில் ஓடும் கேமைக் கைப்பேசியிலோ பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கையடக்கக் கருவியிலோ ஆடுவதற்கும் அப்படியே.

மாறாக, ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சியில் நண்பருடன் இணையம் வழியே மோதவும், ஜிடிஏ ஆன்லைனில் நுழையவும், மைன்கிராஃப்ட் உலகில் வேறு வீட்டில் இருப்பவரோடு சேரவும் எசென்ஷியல் வேண்டும். சில கேம்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. கிரான் டூரிஸ்மோ 7 கேமில் தனியாக ஆடும் பகுதிக்கே இணைய இணைப்பு வேண்டும். ஆனால் அதற்குச் சந்தா வேண்டாம். பிறரோடு பந்தயம் ஓட்டும்போதுதான் சந்தா வேண்டும். இணையம் கேட்கிறது என்பதாலேயே சந்தாவும் வேண்டும் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. கடையில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும், ஆன்லைன் ஆட்டத்துக்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் தேவையா என்பதைக் குறிப்பிட்டிருப்பார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

படி 2: வீட்டில் எத்தனை பேர், எத்தனை கன்சோல்

அண்ணன், தம்பி இருவரும் ஒரே கன்சோலில் தனித்தனிக் கணக்குகளில் விளையாடும் வீடுகளில், இருவருக்கும் தனித்தனியே சந்தா எடுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. பிளேஸ்டேஷன் 5இல் அமைப்புகளுக்குள் சென்று, பயனர்கள் மற்றும் கணக்குகள் பகுதியில் கன்சோல் பகிர்வு மற்றும் ஆஃப்லைன் ஆட்டம் என்ற வசதியைச் சந்தா வைத்திருப்பவரின் கணக்கில் இயக்கிவிட்டால், அந்தக் கன்சோலில் உள்ள மற்ற கணக்குகளும் ஆன்லைனில் விளையாடலாம். சந்தாவில் வந்த கேம்களையும் ஆடலாம். கிளவுட் சேமிப்பு மட்டும் சந்தாதாரருக்கே உரியது, அது பகிரப்படுவதில்லை.

பிள்ளைகளுக்காகச் சந்தா எடுக்கும் பெற்றோர், பெரியவர் ஒருவரின் கணக்கில் சந்தாவை எடுத்துப் பகிர்வை இயக்கி, பிள்ளைகளுக்குக் குழந்தைக் கணக்குகளை உருவாக்கித் தருவதே சிறந்தது. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம், எவ்வளவு செலவழிக்கலாம், யாருடன் பேசலாம் என்பதையெல்லாம் பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்தே கட்டுப்படுத்தலாம். ஒரு கணக்கின் பகிர்வை ஒரு நேரத்தில் ஒரு பிளேஸ்டேஷன் 5இல் மட்டுமே இயக்க முடியும் என்பதால், இரண்டு வீடுகளில் இரண்டு கன்சோல் இருந்தால் இந்த வழி அரைகுறையாகவே உதவும்.

படி 3: எசென்ஷியல் போதுமா என்று சோதியுங்கள்

பிறருடன் ஆன்லைனில் விளையாடுவதே உங்கள் நோக்கம் என்றால், பெரும்பாலும் உங்கள் தேடல் இந்தப் படியிலேயே முடிந்துவிடும். மேலே உள்ள இரண்டு திட்டங்களிலும் ஆன்லைன் ஆட்டம் இதைவிடச் சிறப்பாக நடப்பதில்லை. இணைப்பின் வேகமும் கூடுவதில்லை.

மாதாந்திரக் கேம்கள் வழக்கமாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாறுகின்றன. அவற்றைப் பதிவிறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிளேஸ்டேஷன் செயலியைத் திறந்து, நூலகத்தில் சேர்க்கும் பொத்தானை அழுத்திவிட்டால் போதும். சந்தா இருக்கும் காலம் முழுவதும் அந்தக் கேம் உங்களோடு இருக்கும். சந்தா முடிந்தால் பூட்டிக்கொள்ளும், ஓராண்டு கழித்து மீண்டும் சந்தா எடுத்தாலும் திறந்துகொள்ளும். அந்த மாதத்துக்குள் சேர்க்கத் தவறினால் அது போனதுதான். பிளேஸ்டேஷன் 4 மட்டும் வைத்திருப்பவர்கள், பின்னாளில் பிளேஸ்டேஷன் 5 வாங்கும் எண்ணம் இருந்தால், அதன் கேம்களையும் இப்போதே செயலி வழியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

கிளவுட் சேமிப்பைப் பலரும் மதிப்பதில்லை. நான் அதைப் பெரிதாக நினைக்கிறேன். பிளேஸ்டேஷன் 4 கேம்களின் சேவ் கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம்; பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் கோப்புகளைத் தனியே அப்படி நகலெடுக்க வழியில்லை, அவற்றுக்குக் கிளவுட்தான் வழி. மின்சாரம் அடிக்கடி போய் வரும் ஊர்களில், ஐம்பது மணி நேரம் ஆடிய ஒரு கதையின் சேவ் பழுதடைந்துவிட்டால் அந்த இழப்பு சந்தாத் தொகையைவிடப் பெரிதாகத் தோன்றும். தனியாக மட்டுமே ஆடுபவருக்கும் எசென்ஷியலை நான் பரிந்துரைப்பதற்குரிய ஒரே காரணம் இதுதான்.

படி 4: எக்ஸ்ட்ரா, நிதானமாக யோசிக்க வேண்டிய இடம்

மூன்று திட்டங்களுள் உண்மையான முடிவு எடுக்க வேண்டியது எசென்ஷியலுக்கும் எக்ஸ்ட்ராவுக்கும் இடையில்தான். வாடகை நூலகத்தில் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தாலும் ஒரு வாசகர் எடுத்துச் சென்று முடிப்பது சிலவற்றைத்தான். எக்ஸ்ட்ராவின் தொகுப்பும் அப்படிப்பட்டது. நானூறு கேம்கள் என்ற எண்ணிக்கை உங்கள் முடிவில் இடம்பெறவே கூடாது. அடுத்த சில மாதங்களில் நீங்கள் உண்மையில் தொடங்கப் போகும் கேம்கள் எத்தனை என்பதே கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. பிளேஸ்டேஷன் இணையதளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள தொகுப்புப் பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு பட்டியலில் சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால் இது முக்கியம். ஆட விரும்பும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருப்பவற்றை அடியுங்கள். நண்பரிடம் டிஸ்க்காக இருந்து இரவல் கிடைக்கக்கூடியவற்றை அடியுங்கள். கடையின் தள்ளுபடி நாள்களில் சில நூறு ரூபாய்க்கு வந்துவிடும் சிறிய கேம்களையும் அடியுங்கள். மிச்சம் இருப்பவைதான் நீங்கள் எக்ஸ்ட்ராவுக்குக் கொடுக்கும் பணத்துக்கான பொருள்.

இப்போது நேரத்தைக் கணக்கில் சேருங்கள். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் போன்ற ஒரு திறந்த உலகக் கேமில் முதன்மைக் கதையை மட்டும் முடிக்கவே ஏறத்தாழ முப்பது மணி நேரம் ஆகும். வார இறுதியில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஒதுக்க முடிகிற, வேலைக்குப் போகும் ஒருவர் அதை முடிக்க ஏழு வாரங்கள் பிடிக்கும். அந்த வேகத்தில் ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு பெரிய கேம்களே ஆகும். அதிலும் நண்பர்களோடு ஆன்லைனில் கழிக்கும் மாலைகளைக் கழித்துவிட்டால் மூன்றோ நான்கோ மிஞ்சும். விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவரின் கணக்கு வேறு. அவர் ஒரே மாதத்தில் இரண்டை முடித்துவிடுவார். எக்ஸ்ட்ரா யாருக்கு லாபம் என்பதை வருமானத்தைவிட ஓய்வு நேரமே தீர்மானிக்கிறது.

தொகுப்பில் உள்ள கேம்கள் நிலையானவை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வழக்கமாக ஒவ்வொரு மாதமும் மூன்றாவது செவ்வாய்க்கிழமையை ஒட்டிப் புதியவை சேர்கின்றன, சில பழையவை விலகுகின்றன. சோனியின் சொந்தக் கேம்கள்கூட இதற்கு விலக்கல்ல: மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் 2023 மே மாதமும், ஹொரைசன் ஸீரோ டான் 2024 மே மாதமும் தொகுப்பை விட்டுப் போயின. விலகிய கேமைச் சந்தா இருந்தாலும் ஆட முடியாது. நீங்கள் பாதியில் விட்ட சேவ் இருக்கும், கேமைத் தனியே வாங்கினால்தான் தொடரலாம். மாதாந்திரக் கேம்களுக்கும் தொகுப்புக் கேம்களுக்கும் உள்ள இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. கன்சோலில் பிளேஸ்டேஷன் பிளஸ் பகுதிக்குள் விரைவில் விலக இருக்கும் கேம்கள் தனி வரிசையாகக் காட்டப்படும். எக்ஸ்ட்ரா எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அங்கே உள்ளதை முதலில் ஆடுங்கள், மற்றவை காத்திருக்கும்.

புத்தம் புதிய பெரிய கேம்களுக்காக எக்ஸ்ட்ரா எடுப்பதாக இருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவில் சொந்தக் கேம்களில் பெரும்பாலானவற்றை வெளியாகும் நாளிலேயே தருகிறது; சோனி அந்த வழியில் போகவில்லை. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் 2022 பிப்ரவரியில் வெளியாகித் தொகுப்புக்கு வர ஓராண்டு ஆயிற்று. 2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக், 2025 ஜனவரியில்தான் சேர்ந்தது. ஸ்ட்ரே போன்ற சிறிய நிறுவனங்களின் கேம்கள் சில முதல் நாளிலேயே வந்ததுண்டு. அவை எதிர்பாராமல் கிடைக்கும் நன்மை, அவற்றை நம்பிச் சந்தா எடுக்க முடியாது. ஓராண்டு, இரண்டாண்டு தாமதத்தைப் பொருட்படுத்தாத பொறுமைசாலிக்கே எக்ஸ்ட்ரா நன்றாகப் பொருந்துகிறது.

டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோல் வைத்திருப்பவர் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். இந்தியாவில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வெளியாகும் ஒரு பெரிய கேமின் டிஸ்க், ஓராண்டு கழித்துப் பழைய சரக்காகக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். முடித்த பின் விற்கவும் முடியும். ஆண்டுக்கு இரண்டு பெரிய கேம்கள் மட்டுமே ஆடுபவருக்கு இந்தப் பழைய டிஸ்க் வழி எக்ஸ்ட்ராவைவிட மலிவாகவே முடியும். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் பதிப்புக் கன்சோல் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், அவருக்கு எக்ஸ்ட்ராவின் மதிப்பு சற்றுக் கூடுகிறது.

இணையமும் இடமும் அனுமதிக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு பெரிய கேம் 80 ஜிபியைத் தொடுவது சாதாரணம். நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பில் அதைப் பதிவிறக்கக் குறைந்தது நான்கரை மணி நேரம் ஆகும். தினம் 2 ஜிபி தரும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் நாற்பது நாள் ஆகும், அந்த நிலையில் எக்ஸ்ட்ரா உங்களுக்கு எவ்வகையிலும் பயன்படாது. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5இன் 825 ஜிபி சேமிப்பில் உண்மையில் பயன்படுத்தக் கிடைப்பது 667 ஜிபி அளவே. ஏழெட்டுப் பெரிய கேம்களோடு நிறைந்துவிடும். வெளியே இணைக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் பிளேஸ்டேஷன் 5 கேம்களைச் சேமித்து வைக்கலாமே தவிர, அங்கிருந்து நேராக ஆட முடியாது.

பிளேஸ்டேஷன் 4 மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2026 ஜனவரி முதல் மாதாந்திரக் கேம்களிலும் தொகுப்பிலும் பிளேஸ்டேஷன் 4 கேம்கள் முக்கிய இடம் பெறாது என்று சோனி முன்பே அறிவித்துவிட்டது. ஏற்கெனவே சேர்த்துக்கொண்டவை தொடரும். ஆனால் இனி வரப்போகும் கேம்களை நம்பி, பிளேஸ்டேஷன் 4 ஒன்றுக்காக ஓராண்டு எக்ஸ்ட்ரா எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

படி 5: டீலக்ஸ், விலை வித்தியாசத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

எக்ஸ்ட்ராவுக்கும் டீலக்ஸுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் சிறியதுதான் என்பதால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இதையும் சேர்த்தே எடுத்துவிடலாமே என்று மனம் சொல்லும். இந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

முதலாவது, கிளாசிக் கேம்கள். முதல் பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2, கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி ஆகியவற்றின் காலத்துக் கேம்கள் இங்கே இருக்கின்றன: டெக்கன் 2, சைஃபன் ஃபில்டர், ஏப் எஸ்கேப் போன்றவை. தொண்ணூறுகளின் இறுதியில் பிளேஸ்டேஷன் நிலையங்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியவர்களுக்கு இவற்றின் மேல் பாசம் இருக்கும். அந்தப் பாசம் பெரும்பாலும் ஒரு வார இறுதியில் தீர்ந்துவிடுகிறது. கிளாசிக் கேம்களில் பலவற்றைத் தனியாகவும் வாங்கலாம் என்பதால், உங்கள் மனத்தில் ஒன்றோ இரண்டோ பெயர்கள்தான் இருக்கின்றன என்றால் அவற்றை வாங்கிவிடுவதே மேல். பிளேஸ்டேஷன் 3 கேம்களை எதிர்பார்த்து டீலக்ஸ் எடுத்துவிடாதீர்கள். அந்தக் கன்சோலின் மூளையான செல் என்ற சிப் மிகவும் வேறுபட்டது என்பதால் அதன் கேம்கள் ஸ்ட்ரீமிங் வழியாகவே தரப்படுகின்றன, அது பிரீமியத்தில் மட்டுமே உண்டு. புதிய கன்சோல்களுக்காக மறுபதிப்பாக வந்தவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது.

இரண்டாவது, ஆடிப்பார்க்கும் வசதி. தேர்ந்தெடுத்த சில கேம்களைக் குறிப்பிட்ட மணி நேரம் இலவசமாக ஆடலாம். தொடக்கத்தில் சைபர்பங்க் 2077, ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் இரண்டுக்கும் ஐந்து மணி நேரம் தந்தார்கள். பிறகு வாங்கினால் சேவும், ஆட்டத்தில் செய்த சாதனைகளுக்குக் கிடைத்த டிராஃபிகளும் தொடரும். வெளியாகும் விலையிலேயே ஆண்டுக்கு நான்கைந்து கேம்கள் வாங்கும் பழக்கம் உள்ளவருக்கு இது உண்மையான பயன். ஐயாயிரம் ரூபாய் கேம் ஒன்று பிடிக்கவில்லை என்று முன்பே தெரிந்துகொண்டால், டீலக்ஸுக்குக் கொடுத்த கூடுதல் பணம் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் திரும்பிவிட்டது போலத்தான். தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

பிரீமியம் கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் ஸ்ட்ரீமிங்கைத் தனியாக எடைபோட வேண்டும். சேமிப்பு இடம் நிறைந்துபோன கன்சோலுக்கும், பிளேஸ்டேஷன் போர்ட்டலில் கன்சோலே இல்லாமல் ஆட விரும்புபவருக்கும் அது பெரிய வசதி. 4கே தரத்துக்கு நொடிக்கு 38 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது சோனி. வேகத்தைவிட, அந்த வேகம் இரவு ஒன்பது மணிக்கும் நிலைத்து நிற்கிறதா என்பதே முக்கியம். வீட்டிலேயே வேறொருவர் படம் பார்க்கும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

படி 6: எத்தனை மாதங்களுக்கு எடுப்பது

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். 2023 செப்டம்பரில் ஓராண்டுச் சந்தாவின் விலை உலகெங்கும் உயர்ந்தது. அமெரிக்காவில் எசென்ஷியல் 59.99 டாலரிலிருந்து 79.99 டாலராகவும், எக்ஸ்ட்ரா 99.99இலிருந்து 134.99ஆகவும், பிரீமியம் 119.99இலிருந்து 159.99ஆகவும் ஆயின. இந்தியாவில் எசென்ஷியல் ஓராண்டுக்கு ரூ. 2,999இலிருந்து ரூ. 3,949ஆகவும், எக்ஸ்ட்ரா ரூ. 4,999இலிருந்து ரூ. 6,699ஆகவும், டீலக்ஸ் ரூ. 5,749இலிருந்து ரூ. 7,589ஆகவும் கூடின. ஒரு மாத, மூன்று மாத விலைகள் அப்போது மாறவில்லை: எசென்ஷியல் ரூ. 499, ரூ. 1,199, எக்ஸ்ட்ரா ரூ. 749, ரூ. 1,999, டீலக்ஸ் ரூ. 849, ரூ. 2,299. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே கடையில் இன்று காட்டும் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை ஒன்றுதான்.

ஓராண்டு விலையை ஒரு மாத விலையால் வகுத்தால், மாதாமாதம் கட்டுவதோடு ஒப்பிடும்போது எத்தனை மாதம் ஆடினால் ஓராண்டுச் சந்தா லாபம் என்பது தெரியும். மேலே உள்ள விலைகளில் எசென்ஷியலுக்கு எட்டு மாதமும், எக்ஸ்ட்ராவுக்கும் டீலக்ஸுக்கும் ஒன்பது மாதமும் வருகின்றன. அதாவது ஆண்டில் ஐந்து மாதம் மட்டும் ஆடுபவர் எசென்ஷியலை ஒரு மூன்று மாதமும் இரண்டு ஒரு மாதமுமாக எடுத்தால் ரூ. 2,197 போதும், ஓராண்டுக்கு எடுத்தால் ஏழு மாதம் சும்மா கிடக்கும் சந்தாவுக்கும் சேர்த்து ரூ. 3,949 கொடுக்கிறார்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். தேர்வு மாதங்களில் கன்சோல் அலமாரிக்குள் போய்விடும், ஏப்ரல் இறுதியில்தான் வெளியே வரும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கோடை விடுமுறையில் மூன்று மாத எக்ஸ்ட்ரா, மற்ற காலத்தில் தேவைப்படும்போது மட்டும் எசென்ஷியல் என்பதே நான் சொல்லும் யோசனை. ஆண்டு முழுவதும் ஆன்லைனில் ஆடுபவராக இருந்தாலும் மூன்று காலாண்டு எசென்ஷியலும் ஒரு காலாண்டு எக்ஸ்ட்ராவும் சேர்த்து மேலே சொன்ன விலைகளில் ரூ. 5,596 ஆகும், ஓராண்டு எக்ஸ்ட்ராவைவிட ரூ. 1,103 குறைவு.

ஓராண்டுச் சந்தாவே பொருத்தம் என்று தெரிந்தால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். மே இறுதியை ஒட்டி வரும் டேஸ் ஆஃப் ப்ளே, நவம்பரில் வரும் பிளாக் ஃபிரைடே இரண்டும் இதற்கு நல்ல காலங்கள். 2023 நவம்பரில் ஓராண்டுச் சந்தாவுக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி கிடைத்தது. ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்களுக்கு நிபந்தனைகள் வேறாக இருக்கக்கூடும் என்பதால், உங்கள் சந்தா முடியும் நாளைத் தள்ளுபடிக் காலத்துக்குச் சற்று முன்னதாக வரும்படி அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

படி 7: கீழிருந்து மேலே ஏறுங்கள்

எந்தத் திட்டம் என்பதில் ஐயம் இருந்தால் கீழ்த்திட்டத்தில் தொடங்குங்கள். மேலே ஏறுவது எந்த நாளிலும் முடியும், உடனே நடக்கும். கீழே இறங்குவதோ இப்போதைய சந்தாக் காலம் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும்.

ஏறும்போது ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். மிச்சம் இருக்கும் காலம் முழுவதற்குமான வித்தியாசத் தொகையைக் கட்டியாக வேண்டும். ஒரு மாதத்துக்கு மட்டும் ஏறிவிட்டு இறங்க வழி இல்லை. எசென்ஷியலைத் தள்ளுபடியில் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்கி வைத்திருப்பவர் எக்ஸ்ட்ராவுக்கு மாற விரும்பினால், அந்த இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துப் பெரிய தொகை ஒன்று திரையில் வந்து நிற்கும். இதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும்: எசென்ஷியல் முடிய மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது ஏறினால் வித்தியாசம் மிகச் சிறிய தொகையே. எக்ஸ்ட்ராவைச் சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஏறிய பின் தானாகப் புதுப்பித்தல் புதிய திட்டத்தின் விலையில் நடக்கும் என்பதால், அதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

படி 8: பணம் கட்டுவதும் நிறுத்துவதும்

கணக்கு எந்த நாட்டில் தொடங்கப்பட்டதோ அந்த நாட்டின் கடையும் விலையும் பணமுமே அதற்கு உரியவை. பின்னர் நாட்டை மாற்ற முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ அக்காவோ அங்கே வாங்கி அனுப்பும் பரிசு அட்டை இந்தியக் கணக்கில் ஏறாது. பரிசளிக்க நினைப்பவர்கள் இந்தியக் கடைக்கான அட்டையையே வாங்க வேண்டும். பிரீமியத்துக்காக வேறு நாட்டுக் கணக்கு தொடங்குபவர்கள், ஒரு கணக்கில் வாங்கிய கேமுக்கு இன்னொரு நாட்டுக் கடையின் கூடுதல் பகுதிகள் பொருந்தாமல் போகும் சிக்கலையும் ஏற்க வேண்டியிருக்கும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சந்தா எடுத்ததும் தானாகப் புதுப்பித்தல் இயங்கத் தொடங்கிவிடும். கணக்குப் பகுதியில் பணம் மற்றும் சந்தாக்கள் என்ற இடத்துக்குச் சென்று அதை நிறுத்தலாம். நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை எல்லாச் சலுகைகளும் தொடரும். கடைக் கணக்கின் வாலட்டில் விட்டுவைத்திருக்கும் பணத்தையும் புதுப்பித்தல் எடுத்துக்கொள்ளும் என்பதால், வேறு கேம் வாங்கச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தவறான திட்டத்தை எடுத்துவிட்டால், வாங்கிய நாளிலிருந்து 14 நாள்களுக்குள் சோனியிடம் ரத்து செய்யக் கோரலாம். பயன்படுத்திய அளவுக்குக் கழித்துக்கொண்டு மீதியைத் தரக்கூடும்.

சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவுசெய்தால், கடைசி நாளுக்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கிளவுடில் மட்டும் இருக்கும் சேவ் கோப்புகள் அனைத்தையும் கன்சோலுக்குப் பதிவிறக்குங்கள். அந்த மாதத்தின் கேம்களை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் எந்தத் திட்டத்தில் திரும்பி வந்தாலும் அவை அங்கே இருக்கும்.